பறவைக்குக் கால் போட்ட கதை

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பறவைப் படம் இருந்தது. மஞ்சள் தோகை நுரைத்துக்கொண்டு வழியும். கழுத்தில் மரகதப் பச்சை. ஆனால் கால் மட்டும் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார ஓவியர் கண்காணாத தேசத்துப் பறவையை வரைந்தது அது. பர்மாவில் தொழில் பார்த்த எங்கள் முப்பாட்டனார் ஏலத்தில் எடுத்து வந்து, கண்ணாடி, தேக்குச் சட்டம் சகிதமாகச் சுவரிலேயே பதித்துவிட்டார். கால் எங்கே என்று கேட்டால், “அது இறங்கவே இறங்காது, பறந்துகிட்டே இருக்கும்” என்பார் சித்தப்பா. அப்படியானால் எப்படித் தூங்கும் என்று கேட்டால், போய்ப் படி என்பார்.

என் அயித்தைக்கு, அதாவது அப்பச்சி என்று நான் கூப்பிடும் அப்பாவின் தங்கைக்கு, இடது கால் சற்றுக் குட்டை. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்வாள். அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது. படி இறங்கும்போது என் தோளில் கை வைத்துக்கொள்வாள். எனக்கு அதில் பெருமை தாங்காது.

கண்டரமாணிக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடமும் அவள் நடையைப் பார்த்துவிட்டுப் போனவைதான். இந்த முறை அனுப்பிய போட்டோவில் அயித்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலோடு படம் முடிந்திருந்தது. எடுத்தவர் சித்தப்பா. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. அவர்கள் வரவிருந்த அன்று காலையில்தான் அவருக்குப் பறவை கண்ணில் பட்டது.

“இதப் பாத்தாகன்னா காலு எங்கம்பாக. இன்னைக்குக் கால் பேச்சே வரக்கூடாதுத்தா. ஒன் பெயிண்டு டப்பாவ எடுத்துட்டு வாத்தா” என்றார் என்னிடம்.

கண்ணாடியின் மேல் கால் முளைக்கத் தொடங்கியது. அந்தத் தேசத்துப் பறவையின் கால் எப்படி இருக்கும் என்று அவருக்கென்ன தெரியும்? கொல்லையில் மேய்ந்த கோழியை நான் பிடித்துவர, அதைப் பார்த்து வரைந்தார். ஒரு கால் முடிந்ததும் கோழி என் கையிலிருந்து திமிறி ஓடிவிட்டது. மறுகால் அனுமானம்.

வந்தவர்கள் நுழையுமுன்பே அயித்தையைப் பாயில் உட்கார வைத்தாயிற்று. காபி கொடுக்கும் பொறுப்பு அம்மாவுக்கு. எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் மாப்பிள்ளை கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். பலகாரத்தை விட்டுவிட்டு நேரே படத்திடம் போய்க் கண்ணாடியைத் தொட்டார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

“காலு இன்னும் காயலையே!” என்று சிரித்தார்.

சித்தப்பா பலகாரத் தட்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். மாப்பிள்ளையோ உற்சாகமாகிவிட்டார். “அப்ப வரைஞ்சவுக இந்தப் பறவைய உசுரோட பாத்ததே இல்லைங்க. அங்குட்டு உள்ளவுக கால வெட்டிட்டுப் பாடம் பண்ணி அனுப்புவாக. வந்ததப் பாத்து இவுக வரைஞ்சாக. காலே கெடையாதுன்னு நம்பவும் செஞ்சாக.”

அயித்தை பாயிலிருந்து எழுந்தாள்.

“இந்த வீட்லயும் அதான் நடந்திருக்கு. நீங்க பாத்த போட்டோவுல என் காலு வரல” என்றாள். அம்மா கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, கூடத்தின் அந்தக் கோடிவரை சாய்ந்து சாய்ந்தே நடந்துபோய் அவரிடம் நீட்டினாள். “இப்ப முழுசாப் பாத்துட்டீக. யோசிச்சுச் சொல்லுங்க.”

காபி தளும்பாமல் வந்து சேர்ந்ததில் எனக்கு மட்டும் திருப்தி.

“நான் யோசிக்க என்ன இருக்கு? ஒங்களுக்குச் சம்மதமான்னு சொல்லுங்க” என்றார் மாப்பிள்ளை, மஞ்சள் விரலால் டம்ளரை வாங்கிக்கொண்டு.

“மொதல்ல கையக் கழுவிட்டுக் குடிப்பா. நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணு, கண்ட கையோட காபி குடிக்கிறவன்னு நெனைச்சிறப் போகுது” என்றார் அவருடைய தாயார். கூடமே சிரித்தது. அயித்தையும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சீர் சாமான்களில் அயித்தை தானாக வாய்விட்டுக் கேட்டது அந்தப் படத்தை மட்டுந்தான். கொத்தனாரை அழைத்து, காரை பெயர, சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்தார்கள். கோழிக்காலை அழிக்க அவள் விடவில்லை. கல்யாணம் முடிந்து, வேனில் படத்தை ஏற்றி, அயித்தையும் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நீங்க கால் போட்டதாலதான் அது நம்ம வீட்டவிட்டுப் போகுது” என்று சித்தப்பாவிடம் சண்டைக்குப் போனேன்.

“ஆமாத்தா” என்றார் அவர். வேன் தெரு முனை திரும்பிய பிறகும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். ஒரு படத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.