எண் இல்லாத அட்டைகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் நோயாளிகளின் விவரங்கள் பல வருடம் அட்டைகளில்தான் இருந்தன. அடுக்குவது, எடுப்பது எல்லாம் என் பொறுப்பு. ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் எந்த அட்டை எங்கே என்று கை தானாகப் போகும்.

சென்ற வருடம் கணினி வந்தது. பொருத்த வந்த பெண் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தாள்.

"இதுதான் டேட்டாபேஸ், அங்கிள். கட்டம் போட்ட பெரிய தாள்னு நெனைச்சிக்கோங்க. ஒரு ஆளுக்கு ஒரு வரி. பேரு, வயசு, ஒத்துக்காத மருந்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம்."

"ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா?"

"அதுக்குத்தான் ஐசி நம்பர், அடையாள அட்டைல இருக்கிறது. ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் இருக்காதுல்ல? நம்பர் போடலன்னா சிஸ்டம் அந்த வரிய வாங்காது. ரொம்ப கண்டிப்பு லா அது."

நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், கூப்பிட இன்னொரு பெயர். பழைய அட்டைகள் பலவற்றில் கூப்பிடும் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும்தான் இருந்தன. ஃபோன் செய்து ஐசி எண்ணைக் கேட்டிருக்கலாம். பழகாதவர்களிடம் ஃபோனில் பேச எனக்கு நாக்கு எழாது. அந்த அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினேன்.

"எல்லாம் ஏத்தியாச்சா அண்ணே?" என்று டாக்டர் கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு கிள்ளானில் உள்ள என் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் ரயிலில் இடம் கிடைத்தாலும் என்னால் உட்கார முடியவில்லை. கதவருகே நின்று ஒவ்வொரு நிலையமாக எண்ணிக்கொண்டு வருவேன்.

ஒரு நாள் டாக்டர் விடுப்பில் போக, வேறொரு டாக்டர் வந்திருந்தார். நான் மாடியிலிருந்து பஞ்சுப் பெட்டியோடு இறங்கியபோது, தெருமுனையில் நாசி லெமாக் சோறு விற்கும் அக்கா மருந்து வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொண்டை வலியாம். கவுண்டரில் அவருடைய ஐசியை வாங்கிப் புது வரி ஒன்று தொடங்கியிருந்தார்கள். திரையில் இருந்த பெயர் எனக்குத் தெரியாத பெயர். ஒத்துக்காத மருந்துக் கட்டம் வெறுமையாக இருந்தது.

அவருடைய பழைய அட்டை டின்னில் கிடந்தது. அதில் சிவப்பு மையில் எழுதியவன் நான்தான்: பென்சிலின் கூடாது, மூச்சுத் திணறும்.

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் ஒரு கையில் தண்ணீர் போத்தல், மறு உள்ளங்கையில் பென்சிலின் மாத்திரை.

"அக்கா, அதப் போடாதீங்க!"

ஹாலே திரும்பியது. அக்காவின் கை நின்றது.

"என்னய்யா, இத்தன வருஷம் வாயத் தொறக்காத ஆளு, இன்னிக்கு இந்தக் கத்து கத்துற?"

அட்டையை எடுத்துக்கொண்டு, தட்டாமலே டாக்டர் அறைக்குள் போனேன். படித்ததும் அவர் முகம் மாறியது.

"நான் கேட்டேனே! எல்லாம் உங்ககிட்ட எழுதி வச்சிருக்குன்னு அந்த அம்மா சொன்னாங்க. ஸ்கிரீன்ல காலியா இருந்துச்சு, ஒண்ணும் இல்லன்னு நெனைச்சிட்டேன்."

யாரும் நிரப்பாததால் காலியாக இருந்த கட்டம் அது. கேட்டு 'இல்லை' என்று எழுதியதைப் போலவே அவர் அதைப் படித்திருக்கிறார். டின்னைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். டின்னை முடிக்கும் வரை வேறு வேலை பார்க்க வேண்டாம் என்றார்.

அக்காவின் வரியில் விவரத்தை ஏற்றிவிட்டு, சிவப்பு மை உள்ள அட்டைகளைத் தனியே எடுத்தேன். ஏழு இருந்தன. முதல் எண்ணை அழுத்தினேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அதே எண்ணை அழுத்தினேன்.