நான்கு புள்ளிகள்

துறைமுகத்தில் என்னோடு வேலை செய்பவர் சம்பூரில் புது வீடு கட்டி முடித்தார். லீவு நாட்களில் சின்ன மின்வாளால் பலகையில் பூவும் மயிலும் வெட்டுவது என் பொழுதுபோக்கு. அவர் வாசலுக்கு ‘எங்கள் இல்லம்’ என்று, எழுத்துகள் மட்டும் மிஞ்சும்படி வெட்டினேன்.

மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தைத் தொடாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் மரத்தில் மெல்லிய பாலம் ஒன்று விட்டுத்தான் வெட்ட வேண்டும்; இல்லாவிட்டால் புள்ளி தனியே விழுந்துவிடும். மறந்துபோனேன். நான்கு புள்ளிகளும் மரத்தூளோடு விழுந்ததை வார்னிஷ் காய்ந்த பிறகுதான் கண்டேன். திரும்ப வெட்டப் பஞ்சி, சோம்பல். அதை ஒப்புக்கொள்ள வெட்கம்.

பலகையைக் கொடுத்தபோது, அவர் கேட்காமலே சொன்னேன்: "அந்தக் காலத்து ஓலை ஏட்டில புள்ளி வைக்கிறதில்லை. இது அந்த முறை."

புது வீட்டுக் குடிபூரலன்று வந்தவர்களுக்கெல்லாம் அவர் அந்தக் கதையைச் சொன்னார். நான் பெரிய அறிஞன் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி குரலைத் தாழ்த்தினார். "நல்ல காலம் அண்ணை, இவர் விளங்கப்படுத்தினவர். இடம்பெயர்ந்ததோட நான் பள்ளிக்கூடம் விட்டனான். பலகையைப் பாத்திட்டு, எனக்குத்தான் எழுத்து மறந்துபோச்சாக்கும் எண்டு இருந்தனான்."

இல்லை, உங்களுக்கு எழுத்து மறக்கவில்லை, பலகைதான் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கணவர் இன்னொரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அந்த ஏட்டுக் கதையை நீங்களே இவருக்குச் சொல்லுங்கோ."

அவர் மனைவி தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதே கதையைச் சொன்னேன்.