அடுப்பு சோதிக்க வந்தவர்கள்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களின் தரம் பார்ப்பது என் வேலை. வார விடுமுறை நாளொன்றில் பிள்ளையார்பாளையத்து வீட்டில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது, நீலச் சட்டை போட்ட இருவர் வாசலில் வந்து நின்றார்கள்.

“கேஸ் அடுப்பு செக்கிங்மா. எல்லா வீட்டுலயும் கட்டாயம் பார்க்கணும்” என்றார் மூத்தவர்.

கழுத்திலிருந்த அட்டையைக் காட்டச் சொன்னேன். படம் அவருடையதுதான். ஆனால் அதிலிருந்தது ஏதோ ஒரு தனியார் சர்வீஸ் கடையின் பெயர்.

“ஏஜென்சியில இருந்தா வர்றீங்க?”

“அவங்க சார்பாதாம்மா.”

“இருங்க, போன் போட்டுக் கேட்டுட்டு உள்ள விடுறேன்.”

சிலிண்டர் ரசீதிலிருந்த எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கும்போதே இருவரும் நகர்ந்துவிட்டார்கள். போனை எடுத்தவர், தாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்றார்.

வெளியே எட்டிப் பார்த்தால், அவர்களுடைய செருப்புகள் பக்கத்து வீட்டு வாசலில் கிடந்தன. அந்த வீட்டு அக்கா முகூர்த்தச் சேலை ஒன்றை நெய்துகொண்டிருந்தார். தறிக்குழியிலிருந்து எழ மனமில்லாமல், “உள்ள போய்ப் பாருங்கப்பா” என்று சொல்லிவிட்டிருக்கிறார். நான் போனபோது பழைய டியூபை வெட்டிக் கீழே போட்டுவிட்டுப் புதியதை மாட்டியிருந்தார்கள். அக்கா பீரோவைத் திறந்துகொண்டிருந்தார்.

“எவ்வளவு கேட்டாங்க அக்கா?”

அவர் சொன்ன தொகைக்கு ஒரு வார மளிகை வாங்கலாம்.

“வெடிக்கும்னு சொல்றாங்கமா. வீடு பூரா பட்டு நூல் கெடக்குது. தறியில இருந்துக்கினு நான் எதைக் கண்டேன்? குடுத்துடறேன்.”

வெட்டிப் போட்ட டியூபை எடுத்துப் பார்த்தேன். உண்மையிலேயே விரிசல் விட்டுப் போயிருந்தது. மாற்ற வேண்டியதுதான். பிறகு புதியதைப் பார்த்தேன். தர முத்திரை இல்லை, காலாவதி வருடம் இல்லை, வெறும் ஆரஞ்சு நிறம் மட்டும் இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு பாகம் வந்தால் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவோம்.

“இதைக் கழட்டிக்குங்க. பணம் கிடையாது.”

“பழசை வெட்டிட்டோமேம்மா. இன்னிக்கு சமைக்க வேணாமா?”

“அக்கா எங்க வீட்ல சமைப்பாங்க. கேட்காம யாரு வெட்டச் சொன்னது? ஏஜென்சிக்காரர்கிட்ட நீங்களே பேசுறீங்களா?”

போனை நீட்டினேன். மூத்தவர் வாங்கவில்லை. இளையவர் சிலிண்டரை மூடிவிட்டு டியூபைக் கழற்றத் தொடங்கினார்.

அவர்கள் போனதும் அக்கா என்மேல்தான் கோபப்பட்டார். “நீ நாளைக்கு வேலைக்குப் போயிடுவ. அவனுங்க திரும்பி வந்தா நான்தானேமா இருப்பேன்?”

நியாயமான கேள்வி. ஏஜென்சி எண்ணை அவர் போனில் பதிந்து, ஒருமுறை அவரையே பேசவைத்தேன். “யார் வந்தாலும் எங்களைக் கேட்டுட்டு உள்ள விடுங்கம்மா” என்று அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அக்காவின் முகம் தெளிந்தது. என் அடுப்பில் குழம்பு வைத்துவிட்டு, பிற்பகலில் இருவரும் ஏஜென்சிக்குப் போனோம். அங்கே முத்திரையும் வருடமும் அச்சிட்ட டியூப், காலையில் வந்தவர்கள் கேட்டதில் கால்வாசிக்கும் குறைவு.

“மாட்டிக் குடுக்கறதும் இதுலயே சேர்த்திதானே?” என்று அக்கா கவுண்டரில் இரண்டு முறை கேட்டார். அப்போது அவர் குரலில் பயம் இல்லை.

நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். குழம்பு கொதிக்கும்போது குனிந்து பார்த்திருந்தேன். என் டியூபில் அச்சிட்டிருந்த வருடமும் எப்போதோ முடிந்துபோயிருந்தது.