கொக்கித் தராசில் தொங்கிய துப்பாக்கி

என் அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு துப்பாக்கி இருந்தது. விளையாட்டுச் சாமான் இல்லை பிள்ளைகளே, நிஜத் துப்பாக்கி. முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கிற அட்டையில் ஓட்டை போடுகிற துப்பாக்கி. நான் பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான். "உங்கம்மா நர்ஸுல்லா?" என்பான். நர்ஸ்தான். அதனால் என்ன?

அப்போது நாங்கள் துபாயில், கராமாவில் இருந்தோம். ஒரு பிளாட்டை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் பங்கு ஒரு அறை. அப்பாவுக்கு ஏசி ரிப்பேர் வேலை. அம்மா நாகர்கோவிலில் படித்த காலத்தில் என்சிசியில் இருந்தவள். குறி பார்த்துச் சுடுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாதாம். கல்யாணம், வேலை, நான் என்று வந்ததில் அதெல்லாம் பழங்கதையாகிப் போனது.

அம்மாவின் வார்டில் ஒரு வயதான அரபு அம்மாள் ரொம்ப நாள் படுத்திருந்தார். அவருடைய மகள் துப்பாக்கி கிளப்பில் மெம்பர். பேச்சோடு பேச்சாக அம்மா என்சிசி கதையைச் சொல்ல, அந்த மகள் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவைத் தன் காரில் கிளப்புக்குக் கூட்டிப் போனார். அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஐம்பது மீட்டர், கிளப்பின் சின்னத் துப்பாக்கி. அம்மா சுட்ட அட்டைகளைப் பார்த்துவிட்டு, தூரத் தளத்துக்கு வரலாமே என்றார்கள். அதற்கு இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, சொந்தத் துப்பாக்கி வேண்டும். இன்னொன்று, டெஸ்ட்டில் தேறவேண்டும். பத்துத் தோட்டாவில் குறைந்தது ஏழு கறுப்பு வட்டத்துக்குள் விழவேண்டும். டெஸ்ட் வருஷத்துக்கு ஒரு தடவைதான். தவறினால் துப்பாக்கி கிளப் அலமாரியில் ஒரு வருஷம் சும்மா கிடக்கும்.

எங்களிடம் துப்பாக்கிக்கு ஏது பணம்? இருந்தது காருக்கான பணம். அப்பா டிரைவிங் டெஸ்டில் தோற்றுத் தோற்று, அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தார். பழைய கார் ஒன்று பார்த்துவைத்திருந்தார். முன் சீட் எனக்கு என்று பேச்சு. அதற்கு நடுவில்தான் ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "காரு எங்க ஓடிப் போவப்போவுது? நீ போய்த் துப்பாக்கியப் பாரு."

அம்மா வாயில் வைத்த சோற்றை விழுங்கவில்லை. நான் அன்றைக்குக் கோபத்தில் பாதியில் எழுந்து படுத்துவிட்டேன். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த வாரமே மூன்று பேரும் கிளப்புக்குப் போனோம். மெம்பர்களுக்காகச் சில துப்பாக்கிகளை விற்பனைக்கு வைத்திருந்தார்கள். வாங்கினாலும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அங்கேயே இரும்பு அறையில் பூட்டி வைப்பார்கள், சுடும்போது மட்டும் கையில் தருவார்கள். அந்த அறைக்குப் பொறுப்பாக பெஷாவர் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை பாய் என்பார்கள். அவர் பேசியது உருது, நான் தமிழில் எழுதுகிறேன்.

இங்கே நம் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கல்ஃபில் இருக்கிறவர்கள் எதை வாங்கினாலும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். விலை அப்புறம், எடை முதலில். ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டி ஏர்போர்ட்டில் ஒரு கிலோ கூடினால் என்ன பாடு என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு கொக்கித் தராசு உண்டு. அன்றைக்கு அப்பா அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்!

பாய் ஒவ்வொரு துப்பாக்கியாக போல்ட்டைத் திறந்து, உள்ளே விரலை விட்டு, தோட்டா இல்லை என்று காட்டி மேசையில் வைத்தார். அப்பா ஒவ்வொன்றையும் வார் போட்டுத் தராசில் தொங்கவிட்டார். பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"பாய் சாப், இது துப்பாக்கியா, ஆட்டுக்கறியா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா அசரவில்லை. எல்லாவற்றையும் நிறுத்துவிட்டு ஒன்றைத் தட்டிக் காட்டினார். பளபளவென்று புதுசு. "இதுதான். பஞ்சு மாதிரி இருக்கு."

அம்மா கேட்டாள்: "ஆகக் கனம் எது?"

அது மூலையில் சாய்ந்திருந்தது. தடித்த குழல், கீறல் விழுந்த மரக்கட்டை. அப்பா பதறிப்போனார். "ஏட்டி, ரெண்டு கிலோ கூடுதலுல்லா இருக்கு!"

"இருக்கட்டுமே. இத என்ன பிளைட்டுலயா ஏத்தப்போறோம்?"

"தூக்கணும்லா?"

"தூக்கிட்டு நடக்கவா போறேன்? படுத்துக்கிட்டுல்லா சுடப்போறேன். கனமா இருந்தா ஆடாது. வெடிக்கிறப்ப உதைக்கிற உதையில பாதிய அதுவே வாங்கிக்கிடும்."

மலையிலும் மணலிலும் சுமந்துகொண்டு அலைகிற வேட்டைக்காரர்களுக்குத்தான் அந்த இலேசான துப்பாக்கி. அதனால் அதற்கு விலையும் அதிகம். கனமானதை யாரும் சீந்தவில்லை, அதனால் மலிவு. ஆனால் மலிவு என்பதற்காக அம்மா எடுத்துவிடவில்லை. முதலில், கிளப்பில் எப்போதும் கிடைக்கிற தோட்டா எதற்குப் பொருந்தும் என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே ஒரு துப்பாக்கி கழிந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு திர்ஹம் காசைக் கையில் தந்தாள்.

அம்மா தரை விரிப்பில் படுத்து, வெறும் துப்பாக்கியைச் சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கவாட்டில் நின்று குழலின் நுனிமேல் காசை வைக்கவேண்டும். தோட்டா இல்லாவிட்டாலும் துப்பாக்கிக்கு முன்னால் ஒருக்காலும் நிற்கக்கூடாது, பிள்ளைகளே, இதை மறக்காதீர்கள். அம்மா மெதுவாக ட்ரிகரை இழுத்தாள். புதுத் துப்பாக்கியில் டக்கென்று சத்தம் வந்ததும் காசு உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. கனமானதில் வைத்தேன். டக். காசு அப்படியே இருந்தது. நான் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அசையவே இல்லை.

"கலாஸ், முடிஞ்சது," என்றார் பாய். "சிஸ்டர் வாங்கியாச்சு."

மிச்சம் பிடித்த பணத்தில், துப்பாக்கிமேல் மாட்டிக் குறி பார்க்க நல்ல ஸ்கோப் ஒன்றும், பழகுவதற்குத் தோட்டாவும் வாங்கினாள். வரும் வழியெல்லாம் அப்பா, "பளபளன்னு இருந்துச்சு அது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டெஸ்ட் அன்றைக்கு அம்மா நைட் டியூட்டி முடித்து நேராக வந்தாள். காலையிலேயே வைத்துவிடுவார்கள், வெயில் ஏறினால் கானல் எழும்பி அட்டை தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். நானும் அப்பாவும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றோம். எங்கள் கண்ணுக்கு அந்த அட்டை அரிசி மாதிரி தெரிந்தது. பாய் மட்டும் ஒரு டெலஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் தோட்டா. பாய் உதட்டைப் பிதுக்கினார். "வெளியே. கீழே போயிடுச்சு."

அப்பா என் தோளைப் பிடித்திருந்த பிடி வலித்தது. போச்சு, காரும் போச்சு, துப்பாக்கியும் போச்சு என்று எனக்குத் தோன்றியது. அம்மா அவசரப்படவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு நிதானம் வருமே அவளுக்கு, அந்த நிதானம். குறியை மேலே ஏற்ற ஸ்கோப்பின் மேல் குமிழைக் கொஞ்சம் திருகினாள். போல்ட்டை இழுத்துத் தள்ளினாள். கன்னத்தை மரக்கட்டையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு பாய் ஒன்றும் சொல்லவில்லை. வெடிச் சத்தம் கேட்கும், பாய் பேசாமல் இருப்பார். மறுபடி வெடிக்கும், மறுபடி பேசமாட்டார். அப்பாவால் தாங்க முடியவில்லை. "என்ன பாய், ஏதாவது சொல்லும்!"

பாய் விலகி டெலஸ்கோப்பை அவருக்கு விட்டார். அப்பா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு அதில் முகத்தை வைத்தார். "ஒண்ணும் தெரியலியே," என்றார்.

"ஒரு கண்ணைத் திறங்க பாய் சாப்."

திறந்தார். பிறகு வெகுநேரம் முகத்தை எடுக்கவே இல்லை. முதல் தோட்டா தவிர மிச்சம் ஒன்பதும் கறுப்புக்குள்ளே, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. பாய் மாஷா அல்லா என்றார். அரபு அம்மாளின் மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா சிரித்துக்கொண்டே கொட்டாவி விட்டாள்.

அந்த அட்டையை எங்களிடமே கொடுத்தார்கள். அப்பா அதைச் சுருட்டவில்லை. ஓட்டைகள் வெளியே தெரியும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். அம்மா சீட்டில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். "தாங்கப்பா, நான் மடியில வெச்சுக்கிறேன்," என்றேன். தரவில்லை. எங்கள் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே அம்மாவை எழுப்பி எங்களை இறக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நம் ஆட்கள் எல்லாரும் சாப்பிடக் கூடுகிற ஹோட்டல் தெரு வழியாகச் சுற்றி நடத்தினார், ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று. எனக்குக் கால் வலித்தது. பஸ்ஸில் கூட்டம் அதிகம், இடிபட்டு அட்டை கசங்கிவிடும் என்று பயந்துதான் அப்பா சீக்கிரம் இறங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.