யசிந்தாவின் மூக்கு

குருநகர்ச் சந்தையில் "மூக்குக்காரி" என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் யசிந்தாவின் பக்கம் கையைக் காட்டும். மீனின் செவுளைத் தூக்கி ஒருமுறை முகர்ந்தால் போதும். இன்று விடிய வலையில் பட்டதா, நேற்றுப் பட்டதா, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். மற்றவர்கள் கண்ணைப் பார்த்து வயிற்றை அமத்தி ஆராய்ச்சி செய்யும்போது அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். "கண்ணும் வயிறும் பொய் சொல்லும், என்ரை மூக்குச் சொல்லாது" என்பாள். கொஞ்சம் தலைக்கனம்தான். ஆனால் பதினாறு வருடமாக மீன் விற்பவள், அவள் சொன்னது ஒருநாளும் பிழை போனதில்லை.

அப்படிப்பட்டவளை இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆனியில் கொரோனாப் பயணத்தடை வந்து இரண்டு அறை வீட்டுக்குள் அடைத்துப் போட்டது. சந்தை பூட்டு. மூத்தவள் ஜெசிதா முன்னறையில் ஃபோனை வைத்துக்கொண்டு "ரீச்சர், கேக்கேல்லை" என்று கத்துவாள். எட்டு வயதுப் பிரகாஸ் கட்டிலில் இருந்து குதிப்பான், ஏறுவான், திரும்பக் குதிப்பான். புருஷன் சூசைதாசன் தொழிலுக்குப் போகாத நாளில் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடப்பான். பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லாத மனிதன். எங்கே நின்றாலும் இடைஞ்சல். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டிக்கொண்டு, இந்த வீட்டுக்கு ஏன்தான் நாலு சுவர் வைத்தார்களோ என்று யசிந்தாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இரண்டு நாளாக உடம்பும் உளைந்தது. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டாள்.

அந்த ஒழுங்கைக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. தொற்று ஒன்றும் இல்லையென்றபடியால் ஏழு வள்ளங்களுக்குக் கடலுக்குப் போக அனுமதி கிடைத்திருந்தது. ஒரு வீட்டுக்கு வந்தாலும் ஏழும் கரையில்தான் என்று சொல்லித்தான் தந்தார்கள். வருகிற மீனை ஒழுங்கைக்குள்ளேயே பங்கிட்டார்கள். ஐஸ் கிடையாது. ஆகவே சமைக்க முன்னர் ஆளாளுக்கு மீனைத் தூக்கிக்கொண்டு யசிந்தா வீட்டு வாசல் படலைக்கு வந்துவிடுவார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு முகர முடியுமா? அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், "இது சரி, கொண்டுபோங்கோ" என்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்குச் சந்தையில் நிற்பது போல இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை, முதல்நாள் வந்த விளைமீனை வெட்ட எடுத்தாள். சதை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கண்ணும் உள்ளே போயிருந்தது. செவுளைத் தூக்கி முகர்ந்தாள். ஒரு வெடுக்கு மணமும் இல்லை. நல்ல மீன் மணக்காது, அதுதானே கணக்கு! மூக்கே சொன்ன பிறகு கண் என்ன, சதை என்ன? புளியைக் கரைத்துவிட்டுக் குழம்பு வைத்தாள்.

கோப்பையை முன்னால் வைத்ததும் பிரகாஸ் முகத்தைச் சுளித்தான்.

"அம்மா, இது நாறுது."

"என்னடா சொன்னனீ?"

"மீன் நாறுது. எனக்கு வேண்டாம்."

பத்து நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அவளுக்குத் தலைக்கேறியது. மூக்குக்காரியின் பிள்ளை, அவள் கையால் பார்த்துச் சமைத்த மீனை நாறுது என்கிறான்!

"கடற்கரையிலை பிறந்திட்டு மீன் நாறுதோ உனக்கு? வீட்டுக்குள்ளை கிடந்து கொழுப்பு ஏறிப்போச்சு. தின்னடா!"

முதுகில் ஒன்று வைத்தாள். அவன் அழுதழுது இரண்டு வாய் தின்றான். மூன்றாவது வாயோடு எல்லாவற்றையும் பாயில் சத்தி எடுத்தான்.

இறங்குதுறையிலிருந்து அப்போதுதான் வந்த சூசைதாசன் சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்தான். சட்டியைப் பார்த்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"உனக்கென்ன விசரே? படலையடியிலையே நாறுது. இதைப் போய்ப் பிள்ளைக்குக் குடுத்தனியோ?"

யசிந்தா குனிந்து சட்டியை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்து முகர்ந்தாள். தைலத்தைத் திறந்தாள். இஞ்சியை நசுக்கினாள். வெறும் காற்றுத்தான் போய் வந்தது. வானொலியில் நாளுக்குப் பத்துத் தரம் சொன்ன விஷயம்தான், விளங்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூடச் செல்லவில்லை.

"இஞ்சாருங்கோ, எனக்கு மணம் தெரியேல்லை. அந்த வருத்தம்தான்."

சூசைதாசன் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினான்.

"சத்தம் போடாதை. வாயைத் திறந்தியெண்டா ஏழு வள்ளமும் கரையிலை. உன்னைப் பிடிச்சுக்கொண்டு போய் எங்கையோ வைப்பாங்கள். பிள்ளையளை ஆர் பாக்கிறது? பதினாலு நாள் உள்ளை கிட. ஒருத்தருக்கும் தெரியாது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏழு வள்ளம் என்றால் ஏழு வீட்டு அடுப்பு. அவள் அறைக்குள் போய் இருந்தாள், எழும்பினாள், திரும்ப இருந்தாள். நேற்றும் முந்தநாளும் எத்தனை பேருடைய மீனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள் என்று விரல் மடித்துப் பார்த்தாள். ஒரு கை போதவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படலையில் குரல் கேட்டது.

"பிள்ளை யசிந்தா! இதை ஒருக்காப் பாத்துச் சொல்லணை."

பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை. எழுபத்திரண்டு வயது, சீனி வருத்தம், மூச்சு இழுப்பு வேறு. கையில் ஒரு பாரை மீன்.

"சுகமில்லையெண்டு சொல்லி அனுப்பிவிடுறன்" என்றான் சூசைதாசன் மெதுவாக.

அதுவும் ஒரு வழிதான். கிழவர் மீனைச் சமைப்பார், நேற்று அவள் முகர்ந்து சரி என்ற மீனைச் சமைத்தது போல. நேற்று அவள் முகர்ந்தது எதை? அவளுடைய மூக்கை நம்பித்தானே அந்த மனிதன் தின்றார், கிட்டவும் வந்து நின்றார். யசிந்தா புருஷனைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டு விறாந்தையிலேயே நின்றாள்.

"மாமா, கிட்ட வராதையுங்கோ! எனக்கு மணம் தெரியேல்லை. வருத்தம் வந்திட்டுது. நேற்றும் முந்தநாளும் வந்த எல்லாரும் செக் பண்ணுங்கோ!"

ஒழுங்கை முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் கத்தினாள். கேட்டது. எதிர்வீட்டுக் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. "எங்கடை வாயிலை மண்ணைப் போட்டிட்டாள்" என்று யாரோ ஒரு பெண் உள்ளேயிருந்து திட்டினாள். நீக்கிலாப்பிள்ளை மீனோடு அப்படியே நின்றார்.

"சரி பிள்ளை. நான் இண்டைக்குப் பருப்போடை சாப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அடுத்த நாள் சுகாதாரப் பகுதியார் வந்து பரிசோதித்தார்கள். வீட்டில் அவளுக்கு மட்டும் இருந்தது. நீக்கிலாப்பிள்ளைக்கு இல்லை என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் அடைத்தார்கள், வள்ளங்கள் ஏழும் கரையேறின. சூசைதாசன் அவளோடு கதைக்கவில்லை. ஆனாலும் உடுப்புப் பையை அவன்தான் அடுக்கினான்.

அவளைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோகப் பின்னேரம் பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு படலையடிக்கு வந்தவள் திரும்பிப் பார்த்தாள். ஜெசிதா அழுதுகொண்டு வாசலில் நின்றாள். பிரகாஸ் ஓடிவந்தான். அவள் கையை நீட்டி மறித்தாள். அவன் நடு முற்றத்தில் நின்றுவிட்டான்.

"அம்மா, நான் நேற்றுச் சத்தம் போடாமல் சாப்பிட்டிருந்தா நீங்கள் போயிருக்க மாட்டியள் என்ன?"

தூக்கிக் கொஞ்சவும் முடியாது, அடித்த இடத்தைத் தடவவும் முடியாது.

"இல்லையடா ராசா. அம்மாவிலைதான் பிழை. மீன் நாறினதுதான். நீ சொன்னதுதான் சரி."

பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் ஏறினாள்.