கேஸ் முத்திரை விழுந்த கார்டு

'மான்யரே' என்று ஆரம்பித்து 'தங்கள் விஸ்வாசி' என்று முடிப்பதற்குள் ஒரு ஆளுடைய கஷ்டம் முழுவதையும் ஒரே தாளில் அடக்கிவிட வேண்டும். அர்ஜி எழுதுகிறவனின் தொழில் அவ்வளவுதான்.

பெங்களூரில் மனுவை அர்ஜி என்றுதான் சொல்வோம். 1991-ல் குவைத்திலிருந்து ஒரே பெட்டியோடு நான் திரும்பி வந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. வேலை போன கையோடு வயதும் போய்விட்டதாக எல்லாக் கம்பெனியிலும் சொன்னார்கள். ஏழாவது வரை தமிழிலும் அதற்குமேல் கன்னடத்திலும் படித்தவன் என்பது ஒன்றுதான் மிச்சம். ஒரு ரேஷன் ஆபீசுக்கு எதிரே காம்பவுண்டுச் சுவரோரம் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். வரிசையில் நின்று, ஜன்னல் வரைக்கும் போய், 'நாளெ பன்னி', அதாவது நாளைக்கு வா, என்று கேட்டுவிட்டு மறுநாள் வருவதற்காக வீடு திரும்பியவர்கள் நீங்கள் என்றால், அது எந்த ஆபீஸ் என்று உங்களுக்கே தெரியும்.

பன்னிரண்டு வருஷத்தில் எழுதிய அர்ஜிகளில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. சரோஜாவுடையது மறக்கவில்லை.

மூலையில் ஓர் அடுப்பு

சரோஜா ஒக்கலிபுரத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். காலையில் கோணியோடு கிளம்பித் தெருத் தொட்டிகளில் காகிதம், பால் கவர், தகரம் எல்லாம் பொறுக்குவாள். மத்தியானம் வாசலில் உட்கார்ந்து வகை வகையாகப் பிரித்துக் கட்டுவாள். வாரம் ஒருமுறை பழைய சாமான் வாங்கும் குஜரிக் கடையில் போடுவாள். கணவன் இல்லை. தேவி என்று எட்டாவது படிக்கிற ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. புகை ஆகவே ஆகாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ரேஷனில் ஊற்றுகிற சீமெண்ணெயை வைத்து ஸ்டவ்வில்தான் சமையல்.

ஒரு நாள் தன் ரேஷன் கார்டை என் மேசைமேல் வைத்தாள். முதல் பக்கத்தில் சிவப்பாக ஒரு கேஸ் முத்திரை. கேஸ் உள்ள வீட்டுக்குச் சீமெண்ணெய் கிடையாது என்பது விதி, நியாயமான விதிதான். நடந்தது என்னவென்றால், வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர் சரோஜா வெளியே போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார். கதவைத் திறந்தது தேவி. மூலையில் இரண்டு பர்னர் வைத்த கேஸ் அடுப்பு ஒன்று. யாரோ வீசியதை, பித்தளை பர்னருக்காக முந்தின நாள்தான் சரோஜா பொறுக்கி வந்திருந்தாள். வந்தவர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"அந்த அடுப்பு இப்ப இருக்கா?" என்று கேட்டேன்.

"அத்த எடைக்குப் போட்டு மறுநாளே அரிசி வாங்கிட்டேன் சார். அந்த அரிசிய வேக வெக்கத்தான் சீமெண்ணெ கேக்குறேன்."

இல்லாததற்கு அத்தாட்சி

அர்ஜி எழுதினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பசவராஜு என் கன்னட அர்ஜியை முழுக்கப் படித்தார். அதுவே அபூர்வம். தமிழ் நன்றாகப் பேசுவார். தமிழ் எழுதப் படிக்க வராது. அடுப்பு இருந்தது என்று கணக்கெடுப்புப் பட்டியல் சொல்கிறது, இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள், நான் எதை நம்புவது என்று கேட்டார். கேஸ் ஏஜென்சியிலிருந்து இந்த அம்மாவுக்கு இணைப்பு கிடையாது என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். ஊரில் எத்தனை ஏஜென்சி இருக்கிறது, எதில் போய் இல்லை என்று வாங்குவது என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மேசையை மடக்கி டீக்கடையில் வைத்துவிட்டு நானே சரோஜாவோடு பக்கத்து ஏஜென்சிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞன் மரியாதையானவன். உட்காரச் சொன்னான், ரெஜிஸ்டரைப் புரட்டினான், இவள் பெயர் இல்லை என்றான். அதைத்தான் எழுதித் தரவேண்டும் என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னான்:

"எங்க கஸ்டமருக்குத்தான் சார் நாங்க லெட்டர் குடுக்க முடியும். லெட்டர் வேணும்னா மொதல்ல அவங்கள ஒரு கனெக்‌ஷன் எடுக்கச் சொல்லுங்க."

இரண்டு பக்கெட்

சீமெண்ணெய் நின்று மூன்றாவது மாதம். வாசலில் மூன்று செங்கல் வைத்துச் சமைக்க ஆரம்பித்திருந்தாள் சரோஜா. விறகு கிடைத்த நாளில் விறகு. கிடைக்காத நாளில் அறுந்த ரப்பர் செருப்பு, பொறுக்கி வந்த பால் கவர். புகை அடங்கும் வரைக்கும் தேவி புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருக் கோடிக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். அப்படியும் இழுப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, குப்பை ஆபீசிலிருந்து ஜீப் ஒன்று வந்து நின்றது. குப்பையைப் பிரித்துப் போடும் புதுத் திட்டம் அப்போதுதான் வந்திருந்தது. ஈரக் குப்பைக்குப் பச்சை பக்கெட், காய்ந்த குப்பைக்குச் சிவப்பு பக்கெட். அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வீசுகிற பிளாஸ்டிக் மறுபடி பயன்படும், அது எங்கே போகிறது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். "தெரியும் சார்" என்றாள் சரோஜா. "கவர் எல்லாம் பீன்யா ஃபேக்டரிக்குப் போவுது. அங்க உருக்கி உங்க பக்கெட்டு பண்றாங்க." கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. செங்கல் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த பால் கவரைப் பார்த்துவிட்டார். பிளாஸ்டிக்கை எரித்துச் சமைத்ததாக அவள் பெயருக்கு அங்கேயே ஒரு நோட்டீஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே அவள் சொன்னாள்: "சீமெண்ணெ குடுத்துடுங்க சார், ஒரு கவர் எரிக்க மாட்டேன். எனக்கு அது சரக்கு. சரக்க எரிக்க எந்த யாவாரிக்காச்சும் மனசு வருமா?"

எனக்கு வந்த யோசனை

அந்த நோட்டீசை அவளிடமிருந்து வாங்கி இன்னொரு தடவை படித்தேன். கேஸ் வைத்திருக்கிற பெண் எதற்காகப் பால் கவரை எரித்துச் சமைக்கப் போகிறாள்? ஏஜென்சி தராத அத்தாட்சியை இன்னொரு சர்க்கார் ஆபீசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அன்றைக்கே இரண்டாவது அர்ஜி எழுதினேன். இவ்வளவு நல்ல கன்னடம் நான் அதற்கு முன் எழுதியதில்லை. 'எரிபொருள் மறுக்கப்பட்டதால் என் கட்சிக்காரர் மூன்று மாதங்களாகத் தினமும் பிளாஸ்டிக்கை எரித்துவருகிறார்' என்று வக்கீல் மாதிரி ஒரு வரி போட்டேன். நோட்டீசையும் சேர்த்துக் குத்தினேன்.

அர்ஜி தொலையாமல் போகவேண்டிய இடத்துக்குப் போனது. ரேஷன் ஆபீசில் அதைப் படித்த யாரோ, பிளாஸ்டிக் நம் விஷயம் இல்லையே என்று குப்பை ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அது குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதம் ஆகிவிட்டது. பத்தாம் நாள் லாரி வந்தது. சரோஜாவின் வாசலில் பிரித்துக் கட்டி வைத்திருந்த பதினோரு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. ஒரு வாரத்துக்குக் குஜரிக் கடையில் போட அவளிடம் ஒன்றும் இல்லை.

செய்தி கேட்டு ஓடினேன். என் அர்ஜியால்தான் இது வந்தது என்றேன். அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தேவிக்கு முதுகைத் தடவிவிட்டபடியே சொன்னாள்:

"நீ எழுதுனது நெசந்தான் சார். யாருகிட்ட நெசத்த சொல்றதுன்னுதான் உனுக்குத் தெரியல."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

அதற்குப் பிறகு சில வாரம் எந்த அர்ஜி எழுதினாலும் பேனா தயங்கியது. அப்படி ஒரு மத்தியானம் குமாஸ்தா பசவராஜு ஜன்னலை மூடிவிட்டு என் மேசைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் மனைவிக்கு ஓசூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம். பட்டாவில் பெயர் தவறாக ஏறிவிட்டது. நாலு தடவை போய்விட்டு வந்தாராம். ஒவ்வொரு தடவையும் நாளைக்கு வா என்றார்களாம். தமிழில் நல்லதாக ஒரு அர்ஜி வேண்டும் என்றார்.

எழுதிக் கொடுத்தேன். படித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். போகும்போது குரலைத் தாழ்த்தினார். கணக்கெடுத்த ஃபாரத்தின் மூலப் பிரதி அலமாரியில்தான் இருக்கிறது, அடுத்த குறை கேட்கும் நாளன்று பெரிய அதிகாரி முன்னால் அதை எடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது என்றார். இத்தனை நாள் இதைச் சொல்லவில்லையே என்றேன்.

"ஓசூர்ல வரிசையில நிக்கும்போதுதான் அண்ணா இது ஞாபகம் வந்தது. அங்க போனா நானும் பப்ளிக்தானே."

குறை கேட்கும் நாள்

ஷாமியானா, நீள மேசை, எல்லா ஆபீசிலிருந்தும் ஆட்கள். நடுவில் பெரிய அதிகாரி, ஒரு அம்மாள். இந்த முறை நான் ஒன்றும் எழுதவில்லை. சரோஜா நேரே போய் நின்று, "என் வீட்டுல இன்னா பாத்தாங்கன்னு படிக்கச் சொல்லுங்கம்மா" என்றாள். ஃபாரம் வந்தது. 'கேஸ் அடுப்பு: ஒன்று' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ஓரத்தில், அதே கையெழுத்தில், 'சிலிண்டர் இல்லை, குழாய் இல்லை' என்றும் எழுதியிருந்தது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த மனிதர், நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே பார்த்திருக்கிறார்.

அப்படியானால் முத்திரை எப்படி விழுந்தது என்று அந்த அம்மாள் கேட்டார். கணக்கெடுத்தவர், நான் எழுதிவிட்டேன் என்றார். பட்டியல் தயாரித்தவர், அடுப்புக்குத்தான் கட்டம் இருக்கிறது, ஓரத்தில் எழுதுவதற்குக் கட்டம் இல்லை என்றார். முத்திரை குத்தியவர், பட்டியலில் இருந்தது, குத்தினேன் என்றார். ஒருவர் சொன்னதும் பொய் இல்லை. அந்த அம்மாள் கார்டை வாங்கி, முத்திரைமேல் குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சரோஜா நகரவில்லை. "என் மூட்டைங்க?" என்றாள். எல்லோரும் குப்பை ஆபீஸ்காரரைப் பார்த்தார்கள். மூட்டைகளை ஊருக்கு வெளியே பள்ளத்தில் மற்றக் குப்பையோடு சேர்த்துக் கொட்டிவிட்டதாக அவர் சொன்னார். பிரித்துப் போடத்தானே திட்டம் என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் எழுந்து நின்று, மிகவும் பணிவாகச் சொன்னார்:

"அவங்க பிரிச்சுத்தான் வெச்சிருந்தாங்க மேடம். எங்களுக்கு லாரி ஒண்ணுதானே."

சரோஜா கேட்ட தாள்

முத்திரை விழுந்ததிலிருந்து சீமெண்ணெய் மறுபடி கைக்கு வர எட்டு மாதம். அதற்குள் தேவி மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். அந்த வருஷப் பரீட்சையை அவள் எழுதவில்லை. எட்டாவதையே மறுபடி படித்தாள். எந்த ஃபாரத்திலும் அதற்கு ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை.

முதல் கேன் வாங்கின அன்று சரோஜா என் மேசைக்கு வந்தாள். கேனைக் கீழே வைத்துவிட்டு, கோணியைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றாள். இன்னொரு தாள் எழுதவேண்டும் என்றாள். யாருக்கு அர்ஜி என்று கேட்டேன். அர்ஜி இல்லை, தனக்குத்தான் என்றாள். போன வாரம் ஒரு தொட்டியில் நல்ல டிவி டப்பா ஒன்று கிடந்ததாம், ஃபேன் ஒன்று கிடந்ததாம், இரண்டையும் தொடாமல் வந்துவிட்டாளாம்.

"வீட்டுல இன்னா இன்னா இருந்தா ஏழ இல்லன்னு எழுதிக்குவாங்களோ, அத்த மட்டும் ஒரு லிஸ்ட்டா போட்டுக் குடு சார். பாத்துப் பாத்துப் பொறுக்கிக்கிறேன்."

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, எந்த ஆபீசும் சொல்லாமல் நானாகவே 'நாளைக்கு வா' என்று சொல்லி, எழுதாமல் விட்ட ஒரே தாள் அதுதான்.