வேனில் நான் போட்ட கொரியப் பாட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை வேனில் கூட்டிக்கொண்டு போய்வருவது என் வேலை. இப்போதும் அதே வண்டி, அதே வழிதான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அதிகம் பேசவும் வராது. இதை எழுதி அனுப்பச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது என் மனைவி.

எங்கள் வேனில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டு முதலில் ஏறுகிறவளுக்கு. அந்த சீட்டில் இருப்பவளுடைய போனில் இருந்துதான் பாட்டு ஓடும். பாட்டு என்றால் நம் சினிமாப் பாட்டு இல்லை. எல்லாம் கொரிய நாடகங்களில் வருபவை. கம்பெனியில் கொரியாக்காரர்கள் இருப்பதால்தான் இந்தப் பித்து என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லையாம், ஊரில் இருக்கிற பெண்கள் எல்லோருமே பார்க்கிறார்களாம். பேச்சைத் தமிழில் மாற்றித் தருகிறார்கள். பாட்டை மட்டும் மாற்றுவதில்லை, அது அவர்கள் பாஷையிலேயே வரும்.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை புரியாத பாட்டை எவ்வளவு நேரம் கேட்பது. ஆனால் தினமும் போகவர அதே பாட்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது, அதில் ஒன்றை நானே முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டுகளின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும், எனக்குப் படிக்க வராது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். பியானோவில் ஒவ்வொரு சொட்டாக விழுகிற மாதிரி ஆரம்பிப்பது தூறல் பாட்டு. கிட்டாரை வைத்துக்கொண்டு ஒருவன் பாதித் தூக்கத்தில் பாடுகிற மாதிரி ஒன்று, அது சோம்பல் பாட்டு. ஒரு பெண் விசிலடித்துத் தொடங்குவாள், உடனே வேனே கை தட்டும், அது கல்யாணப் பாட்டு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. தணிந்த ஆண் குரல். யாரையோ மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பது போல இருக்கும். நடுவில் வயலின்கள் எழும்பி, மறுபடி அடங்கும். யாரோ அழுகிறார்கள், இவன் ஆறுதல் சொல்கிறான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதற்குத் தேற்றும் பாட்டு என்று பெயர். நாடகத்தைப் பார்த்ததில்லை, யாரிடமும் கேட்டதுமில்லை. ஐம்பதை நெருங்குகிற ஆள் இதையெல்லாம் ரசிக்கிறான் என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்ற கூச்சம்.

அந்தப் பாட்டை அடிக்கடி போடுகிறவள் பிள்ளையார்பாளையத்தில் முதலாவதாக ஏறும் பெண். காலையில் அவர்கள் தெருவில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். வேன் உள்ளே போக முடியாது. அவள் கணவன் பைக்கில் கொண்டுவந்து தெருமுனையில் விடுவான். பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். மாலையில் குழந்தையைப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்காரவைத்துக்கொண்டு காத்திருப்பான். பேசாமல் இருக்கிற என்னைக்கூட விடமாட்டான். “இன்னாண்ணா, கொரியாவுல மழையா இன்னிக்கு?” என்பான். நான் சிரித்துவிட்டு வண்டியை எடுப்பேன்.

ஆவணியில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தியம், நாட்டு மருந்து என்று இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தாமதமாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் அதே வேனில் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம்.

நெசவாளர் தெருவில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும்வரை எந்த வீட்டிலும் தறி ஓட்ட மாட்டார்கள். எப்போதும் டக்டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கிற தெரு, அன்றைக்கு அப்படியே அடங்கிக் கிடந்தது. வேனில் வருகிற பெண்களில் பாதிப் பேர் அந்த மாதிரித் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்கள். துக்கத்துக்கு மரியாதை செய்வது என்றால் சத்தத்தை நிறுத்துவது என்றுதான் அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐப்பசியில் அவள் வேலைக்குத் திரும்பினாள். மாமனார் கொண்டுவந்து விட்டார். வண்டியில் ஏறியவள் முன் சீட்டைப் பார்க்காமல் கடைசிக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெண், அவளைப் பார்த்ததும், தொங்கிக்கொண்டிருந்த பாட்டு வயரைச் சுருட்டி டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஏறுகிற ஒவ்வொருத்தியும் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு ஏறினாள்.

தெருவில் தறி நிற்பது ஒரு பொழுதுதான். எங்கள் வேனில் அது நீண்டுகொண்டே போனது. எல்லோரும் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டுவார்கள். ஆனால் எல்லாமே ஜாடையில். அவள் தலையைத் திருப்பினால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். நானும் ஹாரன் அடிக்கக்கூட யோசித்தேன்.

முதலில் ஏறுகிறவள் என்பதால் மாலையில் கடைசியாக இறங்குகிறவளும் அவள்தான். ஒரு நாள் எல்லோரும் இறங்கிய பிறகு அவளாகப் பேசினாள்.

“அண்ணா, இந்த மாசத்தோட நின்னுக்கலாம்னு இருக்கேன்.”

“ஏம்மா?”

“நான் ஏறுனா வண்டியே எழவு வீடாட்டம் ஆயிடுது. சிரிச்சிக்கினு வர்ற பொண்ணுங்க என்னப் பாத்ததும் வாய மூடிக்குதுங்க. வீட்லயும் அப்டித்தான் இருக்குது. டிவி போட மாட்றாங்க. அவர் பேரக்கூட எடுக்க மாட்றாங்க. அத்த தறியில உக்காந்துக்கோன்னு சொல்றாங்க. உக்காந்துட்டுப் போறேன். யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க.”

நான் வாயைத் திறந்தேன். வந்தது, “பாத்து எறங்குமா, சேறா இருக்குது” என்பது மட்டும்தான்.

கம்பெனி வேலையில் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்குகிற பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றி வழியெல்லாம் கணவனிடம் போனில் பெருமையடித்துக்கொண்டு வந்தவள். இப்போது நாங்கள் காட்டுகிற மரியாதை தாங்காமல் வேலையை விடப் பார்க்கிறாள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் உலைக்கு அரிசி களைந்துகொண்டே, “வண்டி உன்னுதுதானே, நீ ஒரு பாட்ட போடு. வாயத் தொறந்து பேசத்தான் வராது, வெரலால அமுக்கக்கூடவா வராது?” என்றாள்.

அமுக்குவதற்குப் பாட்டு வேண்டுமே. மறுநாள் மதியம் கம்பெனிக்கு வெளியே புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டேன். ராகத்தை முணுமுணுத்தால் போனே பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் என்று பெண்கள் பேசிக்கொண்டது ஞாபகத்தில் இருந்தது. போனை வாய்க்கு அருகில் வைத்து முணுமுணுத்தேன். முதலில் ஒரு பக்திப் பாட்டு வந்தது. அடுத்து ஏதோ இந்திப் பாட்டு. வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வேன்காரர் கண்ணாடியைத் தட்டி, “இன்னாபா, பல்லு வலியா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், எங்கேயோ போய் ஒரு கிராம்பு வாங்கிவந்து கொடுத்தார். அதை வாயில் அடக்கிக்கொண்டு மறுபடி முணுமுணுத்தேன். நீலக் கோட்டு போட்ட ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிற படம் வந்தது. பிள்ளையார்பாளையத்துப் பெண்ணின் போனில் எத்தனையோ தடவை பார்த்த படம். அதன் பிறகு போனை நான் தொடவே இல்லை, தொட்டால் ஓடிப்போய்விடும் என்ற பயத்தில்.

மறுநாள் காலையில் நல்ல மழை. எல்லோரும் ஏறி, ஊரைத் தாண்டும் இடத்தில் வண்டி நின்றபோது வயரைச் செருகினேன். மெயின் ரோட்டில் ஏறுவதற்குள் அமுக்கிவிட்டேன். அந்தத் தணிந்த குரல் வேன் முழுக்கப் பரவியது.

எங்கள் வேனில் வயதில் மூத்தவர் கேண்டீனில் வேலை செய்கிற ஒரு அம்மா. அவர்தான் முதலில் கத்தினார்.

“இன்னாபா டிரைவரு, அறிவு கிறிவு இருக்குதா? பின்னால யாரு உக்காந்துக்கினு இருக்குதுன்னு தெரில? நிறுத்துபா மொதல்ல.”

முன் சீட்டில் இருந்த பெண் என் பக்கம் சாய்ந்து, “அண்ணா, இந்தப் பாட்டா போட்டீங்க. வேணாண்ணா, மாத்துங்க” என்றாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை. முன்னால் ஒரு லாரி சேற்றுத் தண்ணீரைக் கண்ணாடி முழுக்க வாரி அடித்துக்கொண்டு போனது. கையை எடுத்தால் வண்டி எங்கே போகும் என்று தெரியாது. பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணா.” கடைசி சீட்டிலிருந்து அவள் குரல். “இந்தப் பாட்டு எந்த சீன்ல வரும்னு தெரியுமாண்ணா?”

“தெரியாதும்மா,” என்றேன். பொய் சொல்லவும் தோன்றவில்லை. “யாரோ அழுவுறாங்க, இவரு தேத்துறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“தேத்தலண்ணா. குடிச்சிட்டு வந்து மொட்ட மாடில நின்னுக்கினு, என்னக் கட்டிக்கிறியான்னு கேப்பான். அவ ஒரு பக்கெட் தண்ணிய அவன் தலையில ஊத்திட்டு உள்ள போயிடுவா.”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு, இத்தனை பேர் நடுவில், என்னைக் கட்டிக்கொள் என்கிற பாட்டைப் போட்டிருக்கிறேன். வண்டியை ஓரங்கட்டி இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின. அழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன். துப்பட்டா நழுவியதும்தான் தெரிந்தது, சிரிக்கிறாள்.

முன் சீட்டுக்காரி அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. கேண்டீன் அம்மாகூட, “தண்ணி ஊத்துனாளா? ஊத்தட்டும். குடிச்சிட்டு வந்தா வேற இன்னா பண்றது?” என்றார்.

சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சிரிப்பு அழுகையாக மாறியது. இந்தத் தடவை யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்கு இந்தப் பாட்டுன்னாலே ஆவாது,” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “பூன அழுவுற மாதிரி இருக்குது, நிறுத்துடின்னுவாரு. அப்பறம் குளிக்கறப்போ அதையே பாடிக்கினு இருப்பாரு.”

அவன் போன பிறகு எங்கள் வேனில் அவனைப் பற்றி விழுந்த முதல் பேச்சு அது. பிறகு நிற்கவில்லை. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த நாளில், பஸ் கிடைக்காமல் நின்ற தன்னை அவன்தான் பைக்கில் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டான் என்று கேண்டீன் அம்மா சொன்னார். “வழியெல்லாம் பேச்சு, பேச்சு. எனக்கு பயமே தெரியலமா. தங்கமான புள்ள.”

அதற்கு முந்தின வருடம் கல்யாணமான ஒருத்தி, “முகூர்த்தப் பொடவைக்கு அவரு கடைக்குத்தான் போனோம். மலயாட்டம் பிரிச்சிப் போட்டாரு. கடைசில மொதமொத காட்டுன பொடவையத்தான் எடுத்தோம். சிரிச்சிக்கினே மடிச்சி வெச்சாரு” என்றாள்.

“அங்க சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து என்னண்ட உன்னத் திட்டித் தீத்துட்டாரு,” என்றாள் இவள். மறுபடி சிரிப்பு.

வழியில் சுங்குவார்சத்திரம் தாண்டியதே எனக்குத் தெரியவில்லை. கம்பெனி வாசலில் இறங்கும்போது அவள் என் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

“நாளைக்கு நான் போட்டுக்கறேண்ணா. நீங்க ரோட்ட பாருங்க.”

மாதம் முடிந்தது. நின்றுகொள்வதைப் பற்றி நான் கேட்கவுமில்லை, அவள் பேசவுமில்லை. அடுத்த மாத முதல் நாளும் தெருமுனையில் பையோடு நின்றிருந்தாள். துக்கம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் பாடிக்கொண்டு வருவாள், திடீரென்று நிறுத்திவிடச் சொல்வாள். நிறுத்திவிடுவோம். கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி போடுவாள். நீலக் கோட்டுக்காரி கதையை எனக்கு முழுக்கச் சொன்னதும் அவள்தான். கடைசியில் கட்டிக்கொள்கிறார்களாம்.

துக்க வீட்டில் என்ன பேசுவது என்று எனக்கு இன்றும் தெரியாது. முன்பெல்லாம் கைகூப்பிவிட்டு, ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். போன மாதம் எதிர்வீட்டுக்காரரின் தம்பி இறந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பிக்கு இன்னா சாப்பாடு ரொம்ப புடிக்கும்?” என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, வஞ்சிர மீன் குழம்பில் ஆரம்பித்து, இருவரும் சின்ன வயதில் ஒரே தட்டில் சண்டை போட்டுச் சாப்பிட்டது வரைக்கும் பேசினார். எனக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் தப்பாக ஏதாவது பேசிவிடுவேனோ என்று பயந்து, ஒருவரை அவர் துக்கத்தோடு தனியாக விட்டுவிட்டு எழுந்து வருவதற்கு இப்போதெல்லாம் எனக்கு மனம் வருவதில்லை.